ஏரிக்கரையின் தண்ணீர்ப் பாம்பு

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வற்றாத ஆறுகள் இல்லை. மழைநீர் தேங்கும் ஏரிகளும் கிணறுகளுமே அங்குள்ள வேளாண்மைக்கு நெடுங்காலமாக ஆதாரமாக இருந்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் தவளைகள் பெருகும். அவற்றைத் தின்ன மதகடியிலும் நெல் வயலிலும் வந்து சேரும் பிராணியே தண்ணீர்ப் பாம்பு.

இது பெரும்பாலும் 3 அடி நீளம் வரை வளரும். 5 அடியைத் தாண்டுவது அரிது. மஞ்சள் அல்லது பழுப்புப் பச்சை நிற உடலில், சதுரங்கப் பலகையை ஒத்த கறுப்புப் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். முதுகுச் செதில்களின் நடுவே மெல்லிய வரம்பு ஓடுவதால் தோல் சொரசொரப்பாகத் தோன்றும். நாசித் துவாரங்கள் சற்று மேல்நோக்கியவை. ஆகவே உடலை நீரில் அமிழ்த்தியவாறே இது மூச்சுவிட இயலும். குட்டிகள் தலைப்பிரட்டைகளையும் பூச்சிகளையும் உண்ணும். வளர்ந்தவற்றுக்கு மீனும் தவளையும் இரை. பெண் பாம்பு கரையிலுள்ள எலிவளை போன்ற பொந்துகளில் பல பத்து முட்டைகளை இட்டு, அவற்றுடனேயே தங்கிக் காப்பதும் உண்டு.

இப்பாம்புக்கு நஞ்சில்லை. ஆனால் சாதுவானதன்று. வழி மறித்தால் முன்னுடலை உயர்த்தி, கழுத்தைத் தட்டையாக்கிச் சீறிப் பாயும். அதனைக் கண்டோர் நல்ல பாம்பென்று எண்ணி அடித்து விடுகின்றனர். எதிரியை அச்சுறுத்தப் பயன்படும் தோற்றமே மனிதரிடம் அதற்கு எமனாகிறது! வாலைப் பிடித்தால் சில வேளைகளில் வால் அறுந்துபோகும். பல்லிக்கு வளர்வது போல் அது மீண்டும் வளர்வதில்லை.

கண்ணின் கீழிருந்து உதட்டிற்கு ஒன்றும், கண்ணின் பின்னிருந்து வாயின் கோடிக்கு ஒன்றுமாகச் செல்லும் இரு கறுப்புக் கோடுகளே இதன் தெளிவான அடையாளம். நல்ல பாம்பின் செதில்களோ வழவழப்பானவை. அது விரிக்கும் படமும் மிக அகன்றது. ஆயினும் நீரில் காணப்படுவதெல்லாம் தண்ணீர்ப் பாம்பே என்று துணிவது பெரும் பிழை. நல்ல பாம்பும் நன்றாக நீந்தும்.

நச்சுப் பாம்பை நச்சற்றதினின்று பிரித்தறியும் இத்தேவையே பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவரைச் சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராயத் தூண்டியது. அவரது நூல் 1796இல் வெளிவந்தது. ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1799இல் இப்பாம்புக்குப் பெயரிட்டார். அவர் வைத்த 'பிஸ்காட்டர்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மீனவன் என்பது பொருள்.

கூரிய பற்களால் இது கடித்த இடத்தில் இரத்தம் தாராளமாக வடியும். காயத்தைச் சோப்பிட்டுக் கழுவினால் பெரும்பாலும் போதும். கடித்தது எதுவென்று ஐயமிருப்பின், காயத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்குள்ள நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. தண்ணீர்ப் பாம்பின் கடிக்கு அது வேண்டியதில்லை.