எல்லாவற்றுக்கும் குளிர் நல்லதா?



நமது மடைப்பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியுடன் தொடங்குகிறோம். திருவிழாவுக்கு நான்கு நாட்களுக்கு முன்பே உபயகாரர் ஒருவர் வாழைப்பழமும் செங்காயான மாம்பழமும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து தந்தார். பழுதாகிவிடக்கூடாதே என்று நாம் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் அடுக்கினோம். திருவிழா அன்று திறந்து பார்த்தால், வாழைப்பழத் தோல் முழுவதும் கறுத்திருந்தது. மாம்பழங்களோ வெளியே எடுத்து வைத்த பின்பும் சரியாகப் பழுக்கவில்லை. கொடுத்தவர் முன்னிலையில் அவற்றைத் தட்டில் வைக்க நமக்கு மனம் வரவில்லை. குறை பழத்தில் இல்லை; நாம் வைத்த இடத்தில்தான்.

குளிர் உணவைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் எல்லா உணவையும் அது காப்பதில்லை. எதை வெளியே வைப்பது, எதை உள்ளே வைப்பது, ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

வெப்ப நாட்டுப் பழங்கள்

பறித்த பின்பும் காயும் பழமும் உயிருள்ளவையே. அவை மூச்சு விடுகின்றன, பழுக்கின்றன. வாழையும் மாவும் நம்மைப் போலவே வெப்ப நாட்டில் பிறந்தவை. ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே அவற்றுக்குக் குளிர்க்காயம் ஏற்படுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருப்பதோ 5 பாகை அல்லது அதற்கும் குறைவு. ஆகவே இவற்றை வெளியே வைத்துப் பழுக்க விடுங்கள். நன்றாகப் பழுத்த மாம்பழத்தைச் சில நாட்கள் உள்ளே வைக்கலாம். காயை விரைவில் பழுக்க வைக்க வேண்டுமானால், பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் கடதாசிப் பையில் இடுங்கள். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு அந்த வேலையைச் செய்யும்.

தக்காளியும் இப்படித்தான். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தக்காளியை 5 பாகையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தபோது, அதன் மணத்தைத் தரும் பொருட்கள் வெகுவாகக் குறைந்தன. வெளியே எடுத்த பின்பும் முழுதாகத் திரும்பவில்லை. ரசத்தில் மணம் வேண்டுமானால் தக்காளி மேசையில் இருக்கட்டும். மிகப் பழுத்ததை மட்டும் உள்ளே வைத்து விரைவில் முடித்துவிடுங்கள்.

வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு

யாழ்ப்பாணத்தில் சின்ன வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெங்காயத்துக்கு வேண்டியது காற்றோட்டமும் ஈரமின்மையும். குளிர்சாதனப் பெட்டியின் ஈரத்தில் அது மெதுமையாகிப் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளி முளைவிடும். பிளாஸ்ரிக் பையில் கட்டி வைப்பதும் தவறு. வலைப்பையோ கூடையோ போதும்.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாப்பொருள் சீனியாக மாறும். பொரித்தால் விரைவில் கருகும், இனிக்கும். இப்படிச் சீனி கூடுவதால் பொரிக்கும்போது அக்ரிலமைட் என்னும் வேண்டாத பொருளும் கூடும் என்று முன்னர் எச்சரித்தார்கள். வீட்டில் வைக்கும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 2023இல் தன் ஆலோசனையை மாற்றிக்கொண்டது. ஆகவே உள்ளே வைத்துவிட்டோமே என்று அஞ்ச வேண்டாம். ஆனால் பொரியலுக்கும் வறுவலுக்கும் இருண்ட, குளிர்ச்சியான அலுமாரியில் வைத்த கிழங்கே நல்லது. வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி நச்சுப்பொருள் உண்டாகும். கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கிழங்கின் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும்.

இந்த நாட்டில் மாரிகாலத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓயாமல் வேலை செய்கிறது. அதன் அருகே இவற்றை வைக்காதீர்கள். படிக்கட்டின் கீழுள்ள அலுமாரி பெரும்பாலும் ஏற்ற இடம்.

பாண், தேங்காய் எண்ணெய், தேன்

பாணைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே இருப்பதைவிட வேகமாக வறண்டு இறுகும். இரண்டு நாளில் முடியாதென்றால் துண்டுகளாகப் பிறீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்து வாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே தானாகவே உறையும். அது பழுதல்ல, போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகிவிடும். தேனும் வெளியே இருக்க வேண்டியதே. அதில் நீர் மிகக் குறைவு, புளிப்பும் உண்டு. ஆகவே நுண்ணுயிர்கள் அதில் பெருகமுடியாது. ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

ஆனால் தேனைப் பற்றி இளம் பெற்றோருக்கு ஒரு முக்கியமான செய்தி. பெருகாவிட்டாலும், பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சில வேளைகளில் தேனில் உறங்கிக் கிடக்கும். பெரியவர்களுக்கு அதனால் தீங்கில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை விழித்து நஞ்சை உண்டாக்கலாம்; குழந்தையின் தசைகள் சோர்ந்து மூச்சே தடைப்படலாம். சமையற் சூட்டில் இந்த வித்துகள் அழிவதில்லை. நமது பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. சோறு தீத்துவதற்குக் குழந்தையுடன் வரும் பேரன், பேத்தி கண்ட பாட்டிமார் அன்பினால் ஒரு விரல் பஞ்சாமிர்தத்தை நாக்கில் தடவுவதைக் கண்டிருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம். குழந்தையின் நெற்றியில் திருநீறு போதும். பஞ்சாமிர்தத்தை முதற் பிறந்தநாளுக்குப் பிறகு கொடுங்கள். இறைவன் காத்திருப்பான்.

கட்டாயம் உள்ளே வைக்கவேண்டியவை

சமைத்த சோறும் புக்கையும் வேறு வகை. அரிசியில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியையும் தாங்கும். சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. ஆகவே அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வையுங்கள்; 24 மணி நேரத்துக்குள் நன்றாகச் சூடாக்கி உண்ணுங்கள். கோயிலில் வாங்கிய பொட்டலத்தை மாலைவரை காரில் விட்டுவிடுவதும் இதே ஆபத்துத்தான்.

ஊரில் பழஞ்சோறு உண்டோமே என்று கேட்கலாம். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட சோறு. பானையில் மறந்துபோன சோறு பழஞ்சோறு ஆகாது.

வெட்டிய பழம், உடைத்த தேங்காய், அரைத்த சம்பல் ஆகியவையும் உள்ளேயே இருக்க வேண்டும். உள்ளியை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்கவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்குள் முன்னர் சொன்ன பொட்டுலினம் வளரும். கடையில் வாங்கிய ஊறுகாய்ப் போத்தலில் திறந்த பின் குளிரில் வைக்கும்படி எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

நினைவிற் கொள்ள

1. வெப்ப நாட்டுப் பழங்கள் முழுதாக இருக்கும்வரை வெளியே.
2. வெங்காயம், உள்ளி, கிழங்கு இருட்டில், காற்றோட்டத்தில், வெங்காயமும் கிழங்கும் தனித்தனியே.
3. வெட்டியதும் சமைத்ததும் உள்ளே.
4. ஒரு வயதுக்கு முன் தேனும் இல்லை, பஞ்சாமிர்தமும் இல்லை.

உபயத்துக்குப் பழம் கொண்டுவரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிந்தவரை பூசைக்கு முதல் நாள் கொண்டுவாருங்கள். இப்போது மடைப்பள்ளியில் பழங்களுக்கெனத் தனித் தட்டு ஒன்று வைத்திருக்கிறோம். குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியேதான்.