பிறைக் கணக்கும் ஆங்கிலத் தேதியும்

ஜகாத்தின் தவணை எப்போது என்று கேட்டால் நம்மில் பலர் "ஏப்ரல் முதல் தேதி" என்றோ "கடை திறந்த ஜூன் பத்து" என்றோ பதில் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகம் ஆங்கிலத் தேதியில் இருப்பதால் ஜகாத்தையும் அதிலேயே முடித்து விடுகிறார்கள். ஆனால் பொருள் நிஸாபை அடைந்த பின் கடக்க வேண்டியதாக மார்க்கம் விதித்திருப்பது பிறை ஆண்டாகும். அந்த ஆண்டு 354 நாட்கள், சில ஆண்டுகளில் 355. ஆங்கில ஆண்டோ 365 அல்லது 366. ஆக ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் பின்தங்கி விடுகிறோம்.

பத்து நாட்கள்தானே என்று தோன்றலாம். ஹிஜ்ரி 1400 முஹர்ரம், 1979 நவம்பர் பிற்பகுதியில் பிறந்தது. 1433 முஹர்ரம் பிறந்ததும் நவம்பர் பிற்பகுதியில்தான், 2011-ல். பிறைக் கணக்கில் 33 ஆண்டுகள் கழிந்திருக்க, ஆங்கிலக் கணக்கில் 32 மட்டுமே கழிந்திருந்தன. இந்தக் காலம் முழுவதும் நவம்பர் மாதத்தையே தவணையாக வைத்து ஜகாத் கொடுத்து வந்தவர் மீது ஓர் ஆண்டின் ஜகாத் முழுமையாகக் கடனாக நிற்கிறது. அவர் மனமறிந்து மோசம் செய்தவரல்லர். கணக்கை மாற்றத் தவறியவர், அவ்வளவே. கஹ்பு சூராவின் 25-ஆம் வசனத்தில் முந்நூறு ஆண்டுகளுடன் ஒன்பது சேர்க்கப்பட்டிருப்பதற்கும் முபஸ்ஸிர்கள் பலர் இந்த வேறுபாட்டையே விளக்கமாகக் கூறியுள்ளனர்.

சரி, ஆங்கிலத் தேதி மட்டுமே நினைவிலிருப்பவர் என்ன செய்வது? ஒருவர் 2015 ஜூன் 10-ல் நிஸாபை அடைந்தார் என்று வைத்துக் கொள்வோம். முதலில் ஆண்டு. 2015-லிருந்து 622-ஐக் கழித்தால் 1393. அதை 32-ஆல் வகுத்து, வரும் 43-ஐ அதனுடனேயே கூட்டினால் 1436. (ஆண்டின் முன்பாதி, பின்பாதி என்பதைப் பொறுத்து இதில் ஒன்று கூடவோ குறையவோ செய்யலாம்.) இனி மாதம். அவ்வாண்டு ரமளான் முதல் பிறை ஊருக்கு ஊர் மாறி ஜூன் 18-லும் 19-லும் வந்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூன் 10 என்பது ஷஃபான் பிறை 22 அல்லது 23. ஐயம் இருப்பதால் முந்தியதை, அதாவது 22-ஐ எடுத்துக் கொள்வது பேணுதல். அவருடைய முதல் ஜகாத் 1437 ஷஃபான் 22-ல் கடமையாகி விட்டது. 2016 ஜூன் 10 வரட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் அதற்குள் ரமளான் பிறந்து நான்கைந்து நாட்கள் ஆகியிருக்கும்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நமக்கு நாள் மாறுவது மஃரிபில். ஆங்கிலத் தேதி மாறுவது நள்ளிரவில். வியாழன் மாலை மஃரிபுக்குப் பின் பிறந்த குழந்தையை நம் வீட்டுப் பெரியவர்கள் "வெள்ளி இரவு பிறந்தது" என்பார்கள். அவர்கள் சொல்வதே சரி. கைபேசியில் தேதி மாற்றிக் காட்டும் செயலிகளில் பலவும் இதைக் கவனிப்பதில்லை. மேலும் அவற்றில் சில சவூதி அரேபியாவின் உம்முல் குரா நாட்காட்டியைப் பின்பற்றுகின்றன. அதனால் நம் ஊர்ப் பிறையை விட ஒரு நாள் முந்திக் காட்டுவதுண்டு. பழைய தேதியைத் தேட அவை உதவும். நோன்புக்கும் பெருநாளுக்கும் நம் ஊரின் பிறை அறிவிப்பே வேண்டும்.

கணவனை இழந்த பெண்ணின் இத்தாவிலும் இந்தத் தவறு நடக்கிறது. கர்ப்பிணியல்லாதவருக்கு நான்கு மாதம் பத்து நாட்கள். ஜூலை 15-ல் கணவர் மரணித்திருந்தால், நவம்பர் 25 என்று நாட்காட்டியில் வட்டமிட்டு விடுகிறார்கள். அது 133 நாட்கள். மாத நடுவில் மரணம் நிகழ்ந்தால் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சொல்படி 130 நாட்கள். ஷாபிஈ மத்ஹபில், இடையிலுள்ள மாதங்களைப் பிறைப்படி எண்ணி, முதல் மாதத்தில் விடுபட்ட நாட்களை மட்டும் முப்பதாக நிறைவாக்கிப் பத்தைச் சேர்க்க வேண்டும். துக்கத்திலிருக்கும் ஒரு பெண்ணை மார்க்கம் விதிக்காத நாட்களுக்கு வீட்டில் இருத்தி வைக்க நமக்கு என்ன உரிமை?

வியாபாரக் கணக்கை ஏப்ரலிலிருந்து மாற்றவே இயலாதவர்களுக்கு, இரண்டரை விழுக்காட்டுக்குப் பதில் ஏறத்தாழ 2.577 விழுக்காடு கொடுக்கும்படி இக்கால உலமாக்களில் சிலர் கூறுகின்றனர். நான்கு இலட்சத்துக்கு 10,000 ரூபாய் என்பது ஏறக்குறைய 10,310 ஆகும். ஆயினும் பிறைத் தேதியைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது இதைவிட எளிது. வல்லாஹு அஃலம்.