வரிசைக்கு முன் ஒரு வரிசை

2023ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி இரவு. சிங்கப்பூரின் அஞ்சலகங்கள் சிலவற்றின் முன் நீண்ட வரிசைகள் உருவாயின. வரிசையில் நின்றவர்கள் கடிதம் அனுப்ப வரவில்லை. அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்டின் இசை நிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டுகள் மறுநாள் நண்பகல் 12 மணிக்கு விற்பனைக்கு வரவிருந்தன. அவற்றை வாங்கத்தான் அவர்கள் விடிய விடியக் காத்திருந்தார்கள்.

அதே இரவில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசையும் இருந்தது. அது இணையத்தில் இருந்தது. அதில் சேர விரும்பியவர்கள் ஜூன் மாதத்திலேயே தங்கள் விவரங்களைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், வரிசையில் நிற்பதற்கே ஒரு வரிசை!

இத்தகைய முன்பதிவு எதற்காக? அதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவதாக, எத்தனை பேர் நிகழ்ச்சியைக் காண விரும்புகிறார்கள் என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். இரண்டாவதாக, எல்லாரும் ஒரே நொடியில் இணையப்பக்கத்திற்குள் நுழைந்தால் அது செயலிழந்துவிடும். பதிவு செய்தவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும் அனுமதித்தால் நெரிசல் குறையும். மூன்றாவதாக, தானியங்கி மென்பொருளைக் கொண்டு நூற்றுக்கணக்கான நுழைவுச்சீட்டுகளை வாங்கி, கூடுதல் விலைக்கு விற்பவர்களைத் தடுக்கலாம். மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சரிபார்ப்பதன்மூலம், வாங்க வருபவர் உண்மையான ரசிகர்தானா என்று ஓரளவு தெரிந்துகொள்ள முடியும்.

ஆனால், பதிவு செய்துவிட்டால் நுழைவுச்சீட்டு கிடைத்துவிடுமா? பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பதிவு என்பது ஒரு வாய்ப்பு; அது வாக்குறுதி அன்று. பதிவு செய்தவர்களுள் சிலருக்கு மட்டுமே நுழைவுக் குறியீடு மின்னஞ்சலில் வரும். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறுவார்கள். குறியீடு கிடைத்தவர்களும் விற்பனை நாளன்று மீண்டும் இணைய வரிசையில் காத்திருக்க வேண்டும்.

சிங்கப்பூர் நிகழ்ச்சிக்கு 22 மில்லியனுக்கும் அதிகமான பதிவுகள் வந்ததாகச் செய்திகள் வெளியாயின. இது நம் நாட்டு மக்கள்தொகையைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம்! அண்டை நாட்டு ரசிகர்களும் பதிவு செய்தார்கள் என்பது ஒரு காரணம். தேவை மிகுந்ததால், முதலில் அறிவிக்கப்பட்ட மூன்று நிகழ்ச்சிகள் ஆறாக உயர்த்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேசிய விளையாட்டரங்கில் அந்த ஆறு நிகழ்ச்சிகளும் நடைபெற்றன. அப்படியிருந்தும், பதிவு செய்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏமாற்றமே அடைந்தனர்.

முன்பதிவு முறை எப்போதும் வெற்றி பெறுவதில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில், இதே பாடகியின் நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 3.5 மில்லியன் ரசிகர்கள் முன்கூட்டியே பதிவு செய்தார்கள். விற்பனை தொடங்கியதும் குறியீடு இல்லாதவர்களும் தானியங்கி மென்பொருள்களும் சேர்ந்து இணையப்பக்கத்தை முற்றுகையிட்டன. பலர் மணிக்கணக்கில் காத்திருந்தும் பயனில்லை. அதன்பின் நடைபெறவிருந்த பொது விற்பனையே கைவிடப்பட்டது. அடுத்த ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவை இதுபற்றி விசாரித்தது.

இங்கே நியாயம் பற்றிய ஒரு கேள்வியும் எழுகிறது. அஞ்சலகத்தின் முன் இரவு முழுவதும் நிற்பவருக்கு நுழைவுச்சீட்டு கிடைப்பது நியாயம்போலத் தோன்றலாம். ஆனால், இரவுப்பணி செய்பவரால் அப்படி நிற்க முடியுமா? உடல் குறையுள்ளவரால் முடியுமா? இணையப்பதிவு அவர்களுக்கும் வாய்ப்பளிக்கிறது. மறுபுறம், சிங்கப்பூரில் பொது விற்பனைக்கு இரண்டு நாள் முன்னதாகவே குறிப்பிட்ட ஒரு வங்கியின் அட்டை வைத்திருந்தவர்களுக்கு விற்பனை தொடங்கியது. சில இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளில், கட்டணம் செலுத்தி ரசிகர் மன்றத்தில் சேர்ந்தவர்களுக்கே முதல் வாய்ப்பு. இவற்றில் முன்னே நிற்பது பொறுமையா, அதிர்ஷ்டமா, பணமா?

ஏமாற்றம் அடைந்த ரசிகர்களைத் தேடி மோசடிக்காரர்கள் வருவார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. “என்னிடம் கூடுதலாக இரண்டு நுழைவுச்சீட்டுகள் உள்ளன. உடனே பணம் அனுப்புங்கள், இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள்” என்று அவசரப்படுத்துவார்கள். நம்பிக்கை ஏற்படுத்த நுழைவுச்சீட்டின் படத்தையும் அனுப்புவார்கள். பணம் கைமாறியதும் காணாமற்போய்விடுவார்கள். இதுபற்றிச் சிங்கப்பூர்க் காவல்துறை பொதுமக்களை எச்சரித்தது. ஐயம் ஏற்பட்டால் 1799 என்னும் மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

ஆகவே, உங்களுக்குப் பிடித்த பாடகர் வரும்போது நீங்களும் பதிவு செய்யலாம். முதலில் பெற்றோரிடம் பேசுங்கள்; எவ்வளவு செலவிடலாம் என்று முன்னரே முடிவு செய்யுங்கள். அதிகாரபூர்வ இணையப்பக்கத்தில் மட்டும் விவரங்களைக் கொடுங்கள். பதிவின் கடைசி நாளைக் குறித்து வையுங்கள். உங்களுக்கு வந்த குறியீட்டை யாரிடமும் காட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் நுழைவுச்சீட்டு கிடைக்காமற்போகலாம். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால், அரங்கத்துக்குள் ஓர் இருக்கை கிடைத்தவர் மட்டுமே ரசிகர் அல்லர். அந்தப் பாடலை உங்கள் அறையில் கேட்டு மகிழும்போதும் நீங்கள் ரசிகர்தான். அதற்கு எந்த வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. “பதிவு என்பது ஒரு வாய்ப்பு, அது வாக்குறுதி அன்று.” இக்கூற்றை உங்கள் சொந்த நடையில் விளக்குக.
2. இரவு முழுவதும் வரிசையில் நிற்பது, இணையத்தில் முன்பதிவு செய்வது ஆகிய இரண்டனுள் எது நியாயமான முறை? காரணங்களுடன் எழுதுக.
3. உங்கள் நண்பர், அறிமுகமில்லாத ஒருவரிடம் நுழைவுச்சீட்டு வாங்கப் பணம் அனுப்பவிருக்கிறார். அவரிடம் நீங்கள் என்ன கூறுவீர்கள்?