வெள்ளைப்பூண்டும் உடல் நலமும்

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலையை அடுத்துள்ள எருமப்பட்டிச் சுற்றுப்புறத்தில் சின்ன வெங்காயம் முக்கியமானதொரு பயிராகும். அதன் இனத்தைச் சேர்ந்த வெள்ளைப்பூண்டோ குளிர்ச்சியை நாடுவது; ஆதலின் நம் மாநிலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலுமே சிறப்பாக விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. சமவெளிக் குடியானவர் பூண்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார். ஆகவே அதன் பயன் யாது, அப்பயனுக்கு எல்லை யாது என்பதை அறிந்து உண்பது நலம்.

1. பூண்டின் காரம் உண்டாகும் விதம்

உரித்த முழுப் பல்லில் நெடி அதிகம் இல்லை. அதனுள் அல்லியின் என்ற கந்தகச் சத்தும், அதனை மாற்றவல்ல ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல்லை நசுக்கியவுடன் இரண்டும் கலந்து அல்லிசின் தோன்றுகிறது. அமெரிக்க அறிஞர்களான காவலிட்டோவும் பெய்லியும் இதனை 1944-ல் பிரித்தெடுத்து, கிருமிகளை ஒடுக்கும் தன்மையுடையதெனக் கண்டனர். கொதிக்கும் சூடு நொதியை அழித்துவிடும். எனவே பூண்டை நசுக்கிப் பத்து நிமிஷம் வைத்திருந்து, பிறகு ரசத்திலோ குழம்பிலோ சேர்த்தல் வேண்டும்.

2. மெய்யான பயன்

இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குப் பூண்டு அதனைச் சிறிதளவு குறைப்பதாகப் பல பரிசோதனைகள் காட்டுகின்றன. கொழுப்பைப் பற்றிய செய்தி வேறு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 192 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பச்சைப் பூண்டாலும் பூண்டு மாத்திரைகளாலும் கெட்ட கொழுப்பு குறையவில்லை. ஜலதோஷத்தைத் தடுக்கும் என்பதற்கும் போதிய சான்று இல்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பல் உணவோடு கொள்வது போதுமானது.

3. எச்சரிக்கை

(அ) இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும், அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவரும், பூண்டு மிகுதியாக உண்பதை வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவித்தல் அவசியம். அது இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும்.

(ஆ) நசுக்கிய பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் கொப்புளம் உண்டாகும். குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது.

(இ) பச்சைப் பூண்டை எண்ணெயில் மாத்திரம் ஊறவைத்து வெளியில் வைக்கலாகாது. காற்றில்லா இடத்தில் வளரும் ஒரு கிருமி அதில் கொடிய நஞ்சை உண்டாக்கும். 1985-ல் கனடா தேசத்து வான்கூவர் நகரில் இவ்வாறு பலர் நோயுற்றனர். ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சஞ்சாறோ தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

4. முடிவு

பூண்டு நல்ல உணவு, மருந்துக்கு ஈடன்று. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியின்றியே இருந்து, திடீரெனப் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவரும். பூண்டை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் குடும்பத்தின் உழைப்பாளியையே பணயம் வைக்கிறார். முப்பது வயது கடந்தோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது நன்று. இச்செய்தியைக் கிராம அதிகாரிகள் சந்தை நாட்களிலும் கிராம சபைகளிலும் எடுத்துரைப்பார்களாயின் ஊருக்குப் பெரும் நன்மை விளையும்.