வாய்ப்புற்று நோயாளியின் பராமரிப்பும் புனர்வாழ்வும்

மாணவர்களே, இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். வாவிக்கரையிலும் வயற்புறத்திலும் வெற்றிலை மெல்லும் பலரை நீங்கள் அறிவீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் கூறியது. ஆகவே புகையிலையை மட்டும் விடுவது போதாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மகரகம அபேக்சா வைத்தியசாலையிலும் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. சிகிச்சையின் பின் நோயாளியின் நலம் வீட்டிலுள்ளோர் கையில் தங்கியுள்ளது.

பராமரிப்பு
1. உணவுக்குப் பின் மென்மையான தூரிகையால் பல் துலக்கி, உப்புக் கரைத்த இளஞ்சூட்டு நீரால் கொப்பளிக்கச் செய்தல்.
2. உறைப்பு, புளிப்பு, அதிக சூடு தவிர்த்துக் கஞ்சி, குழைத்த சோறு, முள் நீக்கிய மீன் கொடுத்தல்.
3. கதிர்ச்சிகிச்சை பெற்ற தோலில் வைத்தியரைக் கேளாது எண்ணெய் பூசாதிருத்தல்.
4. இரசாயன சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினால் உடன் வைத்தியசாலை செல்லல். நோயெதிர்ப்பு குறைந்திருப்பதே காரணம்.

புனர்வாழ்வு
1. தாடை இறுகாதிருக்க, சொல்லித்தந்தபடி வாய் திறக்கும் பயிற்சி.
2. பேச்சு, விழுங்கற் பயிற்சி.
3. இயன்றதும் தொழிலுக்குத் திரும்ப உதவுதல்.

மாதிரி வினா: நோயாளிக்கு வீட்டில் தனிக் கோப்பை ஒதுக்குவது சரியா?

விடை: தவறு. புற்றுநோய் தொற்றுநோயன்று. ஒதுக்கினால் அவர் உணவையும் பேச்சையும் குறைப்பார். உடல் தேறுவது தாமதமாகும்.

நினைவிற் கொள்க: வாயில் வெள்ளைப் படலமோ சிவந்த படலமோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ தோன்றினால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டிலும் இதனைச் சொல்லுங்கள்.