தலைப்பட்டை சொல்வதும் சொல்லாததும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாறசாலையில் ரயில் ஏறி, நெய்யாற்றின்கரையையும் திருவனந்தபுரத்தையும் தாண்டிக் கழக்கூட்டத்தில் இறங்கினால் டெக்னோபார்க் கூப்பிடு தூரம். 1990இல் தொடங்கிய அந்த மென்பொருள் வளாகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள நம் கிராமங்களிலும் உண்டு. புரோகிராம் எழுதுகிறவரின் மூளை எவ்வளவு பாடுபடுகிறது என்று கருவி வைத்தே அளந்துவிடலாம் என்ற பேச்சும் இப்போது வீடுகளுக்குள் வந்திருக்கிறது. அப்படி ஓர் ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றிக் கிளம்பியிருக்கும் பயங்களில் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தால் ஒரு பிள்ளை கோடிங் பக்கமே போகாமல் நின்றுவிட்டால் அது பெரிய இழப்பு.

நம்பிக்கை: தலையில் வயர் ஒட்டிக் கரண்ட் பாய்ச்சுவார்கள்.

பாய்ச்சுவதில்லை. மூளையே உண்டாக்கும் மிக மெல்லிய மின்னலைகளைத்தான் ஈ.ஈ.ஜி. கருவி எடுத்துக்கொள்கிறது. அந்த மின்சாரம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்து எண்ணும் அளவுக்குச் சிறியது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையில் முதன்முதலாக இதைப் பதிவு செய்தது 1924இல். வலிப்பு நோய்க்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால், வயர் ஒட்டிய பசை முடியில் பிசுபிசுத்ததைத் தவிர வேறு தொல்லை சொல்ல மாட்டார்கள். புரோகிராமர்களிடம் பயன்படுத்தும் மற்றொரு கருவி, நெற்றி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கிறது. மூன்றாவது, காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. அதுவும் ரத்த ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது.

நம்பிக்கை: மூளை அலையை அளக்கும் தலைப்பட்டையைக் கட்டிவிட்டால், யார் உழைக்கிறார் யார் ஏய்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு எளிதில் தெரியாது. புரோகிராமர்களின் மூளையை அளக்கும் இந்தத் துறையின் ஆரம்ப ஆய்வுகளில் இரண்டு நம் நாட்டில்தான் அரங்கேறின. 2014இல் ஹைதராபாத்தில் நடந்த உலக மென்பொருள் பொறியியல் மாநாட்டில், ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அகச்சிவப்பு ஒளியால் புரோகிராமர்களின் மூளை ரத்த ஓட்டத்தை அளந்த சோதனையை முன்வைத்தார்கள். எளிய நிரலையும் (புரோகிராம்), வேண்டுமென்றே சிக்கலாக்கப்பட்ட நிரலையும் பத்துப் பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கடும் சிக்கலான நிரலைப் படித்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு ரத்த ஓட்டம் கூடியிருந்தது.

அப்படியென்றால் மீதி இரண்டு பேர்? அவர்களும் அதே நிரலைத்தான் படித்தார்கள். அந்த இருவரையும் சோம்பேறிகள் என்று ஒரு மேலாளர் முடிவுகட்டினால் அது அநியாயம். பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் மாற்றம், தனி ஒருவரிடம் அதே மாதிரி தெரிந்தாக வேண்டியதில்லை. பல்லைக் கடித்தாலோ, கண்ணைச் சிமிட்டினாலோ, நெற்றியைச் சுருக்கினாலோ ஈ.ஈ.ஜி. பதிவில் எழும் அலை மூளையின் அலையையே மூழ்கடித்துவிடும். அதிக உழைப்பு என்று கருவி காட்டினாலும் அதற்கு என்ன பொருள்? அனுபவசாலிக்கு அதே வேலை லேசாக இருக்கும். அவர் மூளை குறைவாகப் பாடுபடுவது திறமையின் அடையாளமாகவும் இருக்கலாம்.

இருந்தும் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, மாணவர்களின் கவனத்தை அளக்கத் தலைப்பட்டை மாட்டிவிட்டது. 2019இல் பெற்றோரும் பொதுமக்களும் எதிர்ப்புக் கிளப்பியதும் அது நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் மூளை அலைச் சோதனை குற்றப் புலனாய்வுக்குள்ளும் நுழைந்தது. ஒருவரின் சம்மதமில்லாமல் அந்தச் சோதனையை நடத்தக்கூடாது என்று 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குற்ற வழக்குகளுக்கான தீர்ப்பு. ஆனாலும் ஒருவர் தலைக்குள் நடப்பதை அவர் விருப்பமின்றி எட்டிப் பார்ப்பது தவறு என்ற எண்ணம் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. முறையான ஆய்வு என்றால் எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். பாதியில் எழுந்து போகவும் விடுவார்கள். இரண்டும் இல்லையென்றால் பிள்ளைகள் தயங்காமல் மறுக்கலாம்.

நம்பிக்கை: மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தில் சிவப்பாக ஒளிரும் இடம்தான் வேலை செய்கிறது.

அந்தச் சிவப்பு கணினி பூசிய நிறம். புள்ளியியல் கணக்கில் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய இடத்துக்கு நிறம் கொடுக்கிறார்கள். கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, அமெரிக்க ஆய்வாளர் கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் 2009இல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேன் கருவிக்குள் வைத்து எடுத்தார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் அந்த மீனின் மூளையிலும் நிறம் வந்தது.

நம்பிக்கை: கணக்கில் புலியாகவோ இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவராகவோ இருந்தால்தான் கோடிங் வரும்.

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போயின; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் எல்லையின் கேரளப் பக்கம் உள்ள நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கணினியில் ஆங்கிலம். இத்தனை மொழி மூளையைக் குழப்பும் என்று பெரியவர்களே சொல்லி, பிள்ளைகளின் நம்பிக்கையைக் குலைக்கிறார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷான்டெல் பிராட் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பைத்தான் கற்க வந்தவர்களின் மூளை அலைகளையும் பல திறன்களையும் முன்பே அளந்து வைத்துக்கொண்டு, யார் எவ்வளவு வேகமாகவும் சரியாகவும் கற்கிறார் என்று கவனித்தார்கள். கற்றலை அளந்த எல்லா அளவைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் பொதுப் பகுத்தறிவும் நினைவாற்றலும் 34 சதவீதத்தை விளக்கின. புது மொழி கற்கும் திறன் 17 சதவீதம். கணக்குத் திறனின் பங்கு 2 சதவீதம்தான். ஆய்வில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான் என்பதால் இதையே வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் பிளஸ் டூ கணக்கு மதிப்பெண்ணைக் காட்டி ஒரு பிள்ளையை ஒதுக்குவதற்கு இதில் இடமில்லை.

ஆங்கிலம் விஷயத்தில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அன்னா இவானோவா குழுவினர் 2020இல் செய்தது பொருத்தமானது. ஒவ்வொருவர் மூளையிலும் மொழிக்கான பகுதியை முதலில் அடையாளம் கண்டார்கள். பிறகு பைத்தான் நிரலைப் படிக்க வைத்தார்கள். மொழிப் பகுதி பெரிதாக அசையவில்லை. கடினமான எந்த வேலைக்கும் களமிறங்கும் வேறொரு வலைப்பின்னல்தான் சுறுசுறுப்பானது. ஹைதராபாத் மாநாட்டிலேயே ஜெர்மனியின் ஜேனட் சீக்மண்ட் குழு 17 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து, மொழியோடு தொடர்புள்ள பகுதிகளும் இயங்குவதாகச் சொல்லியிருந்தது. ஆகவே விவாதம் முடியவில்லை. எந்தப் பக்கம் முடிந்தாலும், இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கென்று தனியாக ஒரு கோடிங் மூளை இருப்பதாக இரண்டு குழுவுமே சொல்லவில்லை.

இந்தக் கருவிகளின் உண்மையான பயன் நிரலைச் சோதிப்பதில் இருக்கிறது. சிக்கலை எண்ணால் அளக்க 1976இல் தாமஸ் மெக்கேப் ஒரு சூத்திரம் தந்தார். நிரலில் எத்தனை கிளை பிரிகிறது என்று எண்ணும் கணக்கு அது. 2021இல் நார்மன் பைடெக் குழு 19 பேரை எம்.ஆர்.ஐ.யில் வைத்து இதுபோன்ற அளவைகளைச் சோதித்தது. நினைவாற்றலுக்குச் சுமை ஏற்றியது நிரலில் புழங்கும் வெவ்வேறு பெயர்கள், குறிகளின் எண்ணிக்கை என்று கண்டார்கள். சீக்மண்ட் குழுவின் பிந்தைய ஆய்வில், பொருள் புரியும் பெயர்கள் வைத்த நிரலைப் படிக்கும்போது மூளையின் பாடு குறைந்தது. படிக்கிறவர் திணறினால் எழுதப்பட்ட விதத்தையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பைத்தான் 3இல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். கடைக் கணக்குக்கு ஒரு சிறு நிரல் எழுதும் பிள்ளை விலை, எண்ணிக்கை, மொத்தம் என்றே பெயர் கொடுத்தாலும் அது ஓடும். கட்டளைகளும் தமிழாகவே இருக்க வேண்டுமென்றால் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ இருக்கிறது. வேலைக்குப் போனால் ஆங்கிலப் பெயர்கள்தான் வேண்டும்; அவற்றைப் பிறகு பழகிக்கொள்ளலாம். தொடங்குகிற சில வாரங்களுக்கு, பெயரின் பொருளைத் தேடும் சுமை இல்லாமல், நிரல் எப்படி நகர்கிறது என்பதில் மட்டும் பிள்ளை கவனம் வைக்கட்டும்.