மழையும் மகசூலும்: நிகழ்தகவின் கூட்டல் தேற்றம்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரி நிலமாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே இங்கு உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம் ஆகியன பயிரிடப்படுகின்றன. 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இச்சாகுபடி முறைகளை ஆராய்ந்து வருகிறது. கரிசல் மண் நனைந்தால் சேறாகி, உழவுக்கு இடம் தராது. ஆகவே, மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதுண்டு. விதைத்தபின் மழை பிந்தலாம்; அறுவடையின்போது மழை பெய்து உளுந்து நெற்றுகள் கெடலாம். இவ்விரு இடர்களையும் சேர்த்துக் கணக்கிடுவது எங்ஙனம்?

வரையறை

ஒரே சமயத்தில் நிகழ இயலாத இரு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் எனப்படும். ஓர் ஆண்டின் முதல் மழை முந்துதலும் பிந்துதலும் இத்தகையன. இவற்றின் நிகழ்தகவுகளை நேரடியாகக் கூட்டலாம். சேர்ந்து நிகழக்கூடியவை எனில்,

நி(அ ∪ ஆ) = நி(அ) + நி(ஆ) − நி(அ ∩ ஆ)

எடுத்துக்காட்டு

ஓர் உழவர் 20 ஆண்டுகள் எழுதிவைத்த குறிப்பேட்டில், மழை பிந்திய ஆண்டுகள் (அ) 8, அறுவடை மழை பெய்த ஆண்டுகள் (ஆ) 5, இரண்டும் நேர்ந்த ஆண்டுகள் 2 எனக் கொள்வோம். ஓர் இடரேனும் நேர்வதற்கான நிகழ்தகவைக் காண்க.

தீர்வு

நி(அ ∪ ஆ) = 8/20 + 5/20 − 2/20 = 11/20

இடரற்ற ஆண்டுக்கான நிகழ்தகவு = 1 − 11/20 = 9/20

கழிக்க மறந்தால் 13/20 எனப் பிழையான விடை கிடைக்கும். இரண்டும் நேர்ந்த 2 ஆண்டுகள் இருமுறை எண்ணப்பட்டதே காரணம். சரியான விடையும் பாதியைவிட மிகுதி என்பதைக் காண்க. விதைக்கும் உரத்துக்கும் கடன் பெறும் குடும்பம், நிலம் முழுவதும் ஒரே பயிரை விதைக்கலாமா என முடிவெடுக்க இக்கணக்கு துணைசெய்யும்.

குறிப்பு

நி(அ) × நி(ஆ) = 8/20 × 5/20 = 2/20 = நி(அ ∩ ஆ). எனவே இவை சார்பிலா நிகழ்ச்சிகள். ஆயினும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இவ்விரு கருத்துகளையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது.

சிந்திக்க

மழை பிந்திய 8 ஆண்டுகளிலும், பிந்தாத 12 ஆண்டுகளிலும் அறுவடை மழை பெய்த விகிதங்களைத் தனித்தனியே கண்டு ஒப்பிடுக. இதிலிருந்து நீவிர் அறிவது யாது?